ஆடை கலையாத தயிர்

ஏப்ரல் 23, புதன். காலை 10.05.

தவறு: இன்று ஒன்பது வேலைகளுக்கும் கடைசியில் ஒரே மூச்சில் டிக் போட்டேன். ஒவ்வொன்றையும் முடித்த கையோடு போட வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி. முனிசிபல் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் பேனாவைத் தேட நேரமில்லை. எதுவும் விட்டுப்போகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மேலே இருப்பதைக் காலையில் எழுதினேன். இனி வருவதை மாலை ஆறே காலுக்கு, ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்நேரம் நான் புனேயின் கேம்ப் பகுதியில் இருக்க வேண்டும். அங்கே ஒரு சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில் ரீனா மிஸ் நடத்தும் மாலை நேரச் சமையல் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் குறிப்பு எழுத வேண்டும், முதல் வரி அன்றைய தவறாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. எந்த மொழியிலும் எழுதலாம். அவர் படிப்பதில்லை. பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் வைஷு. கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் சோதிக்கும் வேலைக்காகப் புனே வந்தேன். ஜனவரியில் எங்கள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். போபோடியில் ஜோசப்ராஜ் அண்ணன், பெட்டி அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அவர்கள் மகள் டானியா நர்சிங் படிக்க மங்களூர் போனதால் காலியான அறை. பெட்டி அக்கா பதினோரு பேருக்கு மதியச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறார். வேலை போன பிறகு நான் காலையில் அவருக்குக் கைகொடுக்கிறேன்.

பெட்டி அக்காவின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கட்கி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அக்கா பிறந்தது இங்கேதான். ஆனால் கோபம் வந்தால் முழுப் பாளையங்கோட்டை. கடைக்குப் போனால் மராத்தி. ஜோசப்ராஜ் அண்ணன் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். இந்த வாரம் அவருக்கு மாலை ஷிஃப்ட்.

வெயில் காலத்துக்கு லேசான சாப்பாடு என்ற யோசனை என்னுடையது. இதை மறைக்கக் கூடாது. ஏப்ரல் முதல் வாரத்தில் பாதி டப்பாக்கள் பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தன. சாம்பார் அப்படியே இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் தொடப்படாமல் எண்ணெய் விட்டுக் கிடக்கும். வகுப்பில் அப்போதுதான் கோடைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு பட்டியல் போட்டேன். சாம்பாருக்குப் பதில் வெள்ளைப்பூசணி மோர்க்குழம்பு. வறுவலுக்குப் பதில் வெள்ளரிக்காயும் ஊறவைத்த பாசிப்பருப்பும் கலந்த கோசுமல்லி. வாரத்தில் இரண்டு நாள் எலுமிச்சைச் சேவை, மூன்று நாள் தயிர் சாதம், அதற்குத் தொட்டுக்கொள்ள மாங்காய்ப் பச்சடி.

"இது என்ன பட்டியலு?" ஜோசப்ராஜ் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மனுசன் டப்பாவத் தொறந்தா வாசம் மேல ஏறி வரணும்லா. வெள்ளரிக்காயத் தின்னுட்டு எவன் ஷிஃப்ட் பாப்பான்? ஆட்டுக்குட்டியா?"

"நாப்பது டிகிரில ஒங்க உருளைக்கெழங்கத் தின்னுட்டு எவனும் வேல பாக்கல. தூங்குதான்," என்றார் பெட்டி அக்கா. "பிள்ள படிச்சிட்டு வந்து சொல்லுது. செஞ்சுதான் பாப்பமே."

"படிச்ச பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்கண்ணா. கத்துக்கிறனுங்க," என்றேன்.

"இந்த 'ங்க'வுல பாதிச் சண்ட செத்துப்போவுது," என்று சொல்லிவிட்டு அண்ணன் சட்டை மாட்டப் போனார்.

டப்பாக்கள் காலியாகத் திரும்பத் தொடங்கின. சாங்வியில் தனியாக இருந்துகொண்டு எங்களிடம் டப்பா வாங்கும் ஸ்வாமிநாதன் சார் போன் செய்து, இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேரியரைக் காலி செய்கிறேன் என்றார். அன்று எனக்கு ஏற்பட்ட கர்வத்தையும் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏப்ரல் 11.

தயிர் சாதத்தின் முறையைச் சொல்ல வேண்டும். காலையில் தயிர் விட்டுப் பிசைந்தால் மதியம் டப்பா திறப்பதற்குள் புளித்துவிடும். அதனால் குழைய வடித்த சாதத்தை மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது இரண்டு கரண்டி தயிரை உறையாக விடுவோம். டப்பாவுக்குள்ளேயே பால் தயிராகும். ஒரு மணிக்குத் திறந்தால் புதுத் தயிர். எங்கள் வீட்டிலும் ரயில் பயணத்துக்கு இப்படித்தான். அந்த இரண்டு கரண்டிதான் எல்லாம். அது இல்லாவிட்டால் டப்பாவில் இருப்பது பால் சாதம். மூடிய எவர்சில்வர் டப்பாவில் இந்த வெயிலில் ஐந்தாறு மணி நேரம் பால் சாதம் என்ன ஆகும் என்பதை வகுப்பில் ஒரு முழு நாள் படித்தோம். நான் நன்றாகக் குறிப்பு எடுத்தேன்.

வழக்கமாகத் தயிர்ப் பாத்திரம் அடுப்பு மேடையில் என் கைக்கு எதிரே இருக்கும். இரவிலேயே புளிக்கிறது என்று திங்கட்கிழமை முதல் அதை ஃப்ரிட்ஜுக்குள் மாற்றியதும் நான்தான். இன்று காலை ஆறே முக்காலுக்குச் சாதத்தில் பாலை விட்டேன். உப்பு போட்டேன். ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பினேன் என்று நினைக்கிறேன். அப்போது வெளியே குழாயில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாக வராத தண்ணீர். டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பன்னிரண்டு குடம் பிடித்துவிட்டு வந்து இஞ்சியும் கடுகும் தாளித்துக் கொட்டினேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் ஒன்பது டிக் போட்டேன். பிறகு டப்பா அடைத்தேன்.

மற்ற நாட்களில் பெட்டி அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பார். புதன்கிழமை பார்க்க மாட்டார். அன்று அவருக்கு உபவாச ஜெபம். மதியம் ஒரு மணிக்கு மேல்தான் வாயில் எதுவும் படும். புதன்கிழமை அவருக்குப் பதிலாகப் பார்ப்பது அந்தத் தாள்.

"எல்லாம் டிக் ஆயிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆயிருச்சுங்க்கா."

ஒன்பதரைக்கு சலீம் தன் ஆட்டோவில் பதினோரு டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டு போனார்.

மதியம் ஒன்றரை. நான் மாங்காய்த் தோலைக் குப்பைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே அடுக்களை அனல் மாதிரி இருந்தது. பெட்டி அக்கா ஜெபம் முடித்து, உபவாசம் முறிக்க மோர் கலக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். தயிர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்தபடியே நின்றார்.

"ஏட்டி வைஷு."

"சொல்லுங்க்கா."

"இங்க வா. தயிர்ல ஆடை அப்படியே கெடக்கு."

நான் போய்ப் பார்த்தேன். வெண்ணெய் நிறத்தில், ஓரம் முதல் ஓரம் வரை, ஒரு கீறல்கூட இல்லாமல் ஆடை படர்ந்திருந்தது.

"காலைல எந்தத் தயிர விட்ட நீ?"

நான் ஃப்ரிட்ஜின் மற்றத் தட்டுகளைப் பார்த்தேன்.

"வேற பாத்திரம் இருந்துதா?"

"இல்லீங்க்கா."

"டிக் போட்டுருக்கியே."

"போட்டனுங்க்கா."

அக்கா ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார். பிறகு மேடையில் எங்களுக்காக எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்தார். தயிர் சாதம் போலத்தான் வெள்ளையாக, கடுகும் கறிவேப்பிலையும் மேலே மிதக்க இருந்தது. கரண்டியை விட்டுத் தூக்கினார். நூல் மாதிரி ஒன்று கரண்டியோடு மேலே வந்து அறுந்தது. முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ஏசப்பா," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

ஜோசப்ராஜ் அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. ஒரு ஷூவோடு அப்படியே நின்று, "எத்தன பேருக்கு?" என்றார்.

ஆறு பேருக்குத் தயிர் சாதம். மற்ற ஐவரும் தயிர் வேண்டாம் என்று தினமும் சேவை கேட்பவர்கள். என்னிடம் பட்டியல் இருந்தது. எண்களை நான் படித்தேன். அக்கா போனில் அழுத்தினார். முதல் மூன்று பேர் ஒரே அலுவலகம். ஷ்யாம் என்பவர் எடுத்தார்.

"சாப்டலைங்க. தொறந்ததும் ஒரு மாதிரி வாடை. மூணு பேருமே கேன்டீன்ல சாப்டுட்டோம். சாயந்திரம் சொல்லலாம்னு இருந்தேன்."

நாலாவது ஆள் இன்னும் திறக்கவே இல்லை. ஐந்தாவது, ஔந்தில் இருக்கும் ஒரு டீச்சர், இரண்டு வாய் எடுத்துத் துப்பிவிட்டேன் என்றார். கோபத்தோடு சொன்னார். அந்தக் கோபம் எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

ஆறாவது ஸ்வாமிநாதன் சார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"தூங்குவாவ," என்றார் ஜோசப்ராஜ் அண்ணன். "வயசானவிய. சாப்ட்ட ஒடனே ஒரு தூக்கம்."

"அவியளுக்கு மோப்பம் கெடையாதுங்க," என்றார் பெட்டி அக்கா.

எனக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சாருக்கு எழுபத்தாறு வயது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த கொரோனாவில் போன மோப்ப சக்தி திரும்பவே இல்லை. உப்பும் புளிப்பும் உறைப்பும்தான் நாக்குக்குத் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கெட்டுப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது. புளிப்பில்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொள்வார்.

இன்னும் நான்கு முறை அழைத்தோம். சலீமைக் கூப்பிட்டோம். ஏழு நிமிஷத்தில் வந்தார். சலீம் கட்கியில் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தமிழ் கற்றவர்.

"சாச்சா கையில குடுத்தேன் அக்கா. கதவு தொறந்து, சிரிச்சு, வாங்குச்சு. நல்லாதான் இருந்துச்சு."

"எத்தன மணிக்கு?"

"பத்தரை. சச்சி பாத், நெசமா."

ஜோசப்ராஜ் அண்ணன் ஷிஃப்டுக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு முன்னால் சலீமை ஒட்டி உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால்; பட்டியல் இருந்த நோட்டு என் மடியில். தாபோடிப் பாலத்தில் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல முகத்தில் அடித்தது. கீழே ஆற்றில் தண்ணீரே தெரியவில்லை. ஆகாயத்தாமரைதான் பச்சையாக மூடிக் கிடந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஆறுதலுக்கா, நான் குதித்துவிடாமல் இருக்கவா என்று தெரியவில்லை. அவர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது பாதி வழியில்தான் எனக்கு நினைவு வந்தது. பாட்டிலை நீட்டினேன். தலையசைத்து மறுத்தார்.

"சலீம், ஜல்தி போ."

"சிக்னல் அக்கா. பறக்க முடியாது."

"அவிய மக எங்க இருக்கா?" என்று அண்ணன் திரும்பிக் கேட்டார்.

"பெங்களூர். மீனு."

"சொல்லிட்டியா?"

"என்னத்தச் சொல்ல? மொதல்ல போய்ப் பாப்போம்."

நான் மனதுக்குள் மணிகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்குப் பால் விட்டது. சார் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவார், கடிகாரம் மாதிரி. ஐந்தே முக்கால் மணி நேரம். சாப்பிட்டு இப்போது ஒன்றரை மணி நேரம். சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு அரை மணியிலிருந்து ஆறு மணிக்குள் வேலையைக் காட்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டதுகூட நினைவிருந்தது.

மூன்றாம் மாடி. மேலே மொட்டை மாடி. படியேறும்போதே சுவர் சுட்டது. மணியடித்தோம். கதவைத் தட்டினோம். அண்ணன், "சார், ஸ்வாமிநாதன் சார்," என்று கூப்பிட்டார். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்வீட்டு மராத்தி அம்மாள் எட்டிப் பார்த்தார். அவரிடம் மாற்றுச் சாவி இருந்தது. அதைத் தேட மூன்று நிமிஷம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு எதைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது கேரியரை. சமையலறை மேடையில் மூன்று அடுக்கும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மிச்சம் எதுவும் இல்லை.

சார் குளியலறை வாசலில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. பக்கத்தில் வாந்தி. கண் திறந்திருந்தது. பெட்டி அக்கா ஓடிப்போய்த் தலையைத் தன் தோளில் தாங்கினார்.

"சார், பெட்டி வந்திருக்கேன். கேக்குதா?"

"மன்னிச்சுக்கோம்மா," என்றார் அவர். "தரையெல்லாம் அசிங்கம் பண்ணிட்டேன்."

அண்ணனும் சலீமும் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். சலீம் ஒவ்வொரு திருப்பத்திலும், "ஆராம் சே, சாச்சா, மெதுவா, ஆராம் சே," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நான் சாரின் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். இன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில். ரத்த அழுத்தம் எண்பத்து நான்கு. நர்ஸ் அதை உரக்கச் சொன்னபோது அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டாக்டர் சின்ன வயதுப் பெண். சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். ஹிந்தியில் பேசினார். இந்த வாரம் இது ஏழாவது ஆள், மேல் மாடி, தனியாக இருக்கும் வயதானவர், வெயில்தான் அடித்திருக்கிறது என்றார். வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

ஜோசப்ராஜ் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். "ஏளா, அந்தம்மாவே வெயிலுங்காவ. நீ வாயக் குடுக்காத."

அக்கா டாக்டர் பக்கமே திரும்பி நின்றார்.

"சலைன் ஏறுதுல்லா? எதா இருந்தாலும் வைத்தியம் இதான். சொன்னா என்ன மாறப் போவுது? நாளைக்கு போபோடில தல காட்ட முடியாது. நம்ம கையால எவன் வாங்கித் திம்பான்?"

"சார் ஒருநாளும் நம்மளக் கொற சொன்னதில்லங்க," என்றார் அக்கா.

"அதுக்கு?"

டாக்டர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. அண்ணன் கெட்டவர் இல்லை. சாரைத் தூக்கி இறக்கியதில் அவர் சட்டை முழுக்க வாந்தி. அவர் பயந்திருந்தார். நானும் பயந்திருந்தேன். அவர் சொன்னதைக் கேட்டபோது என் உடம்பில் ஒரு பாரம் இறங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெட்டி அக்கா டாக்டரிடம் ஹிந்தியில் சொன்னார்: சாப்பாடு எங்களுடையது. தயிர் சாதம். அதில் தயிர் சேரவில்லை, பால்தான் இருந்தது, கெட்டுப்போயிருந்தது. பிறகு, "நான்தான் கலந்தேன்," என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் நோட்டை மார்போடு பிடித்திருந்ததால் என்னிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கலந்தது என்று கேட்டார். ஆறே முக்கால் என்றேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? பன்னிரண்டரை. எவ்வளவு? எல்லாவற்றையும். வேறு யார் சாப்பிட்டது? ஒருவர் இரண்டு வாய் எடுத்துத் துப்பிவிட்டார், அவ்வளவுதான். எல்லாக் கேள்விக்கும் நிமிஷம் பிசகாமல் பதில் சொன்னேன். யார் கலந்தது என்று அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டாவது தவறு அது. காலையில் செய்ததைவிடப் பெரியது.

டாக்டர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, வேகமாகிவிட்டார். சிறுநீரகத்துக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். மருந்துப் பெட்டியைப் பிரித்து, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையை எடுத்துத் தனியே வைத்து, இதை நிறுத்துங்கள் என்று நர்ஸிடம் சொன்னார். இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் சாயந்திர மாத்திரைகளோடு இதையும் கொடுத்திருப்போம் என்றார். ஜோசப்ராஜ் அண்ணன் அதைக் கேட்டார். வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மீனுவுக்கு அக்காதான் போன் செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதலில் மறுமுனையில் நன்றி சொல்வது கேட்டது. நீங்கள் போய்ப் பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற குரல். அக்கா அதை முடிக்க விட்டார்.

"இல்லம்மா. அதுக்கு முன்னால ஒண்ணு கேளுங்க. சாப்பாட்டுலதான் கோளாறு. என் கைத் தப்பு."

"நாளைக்குக் காலைல வரேன். வந்து பேசிக்கறேன்," என்றது குரல். அக்கா போனை முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார்.

நான்கரைக்கு சலீம் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அக்கா அப்போதுதான் உபவாசத்தை முறித்தார், ஒரு காகிதக் கோப்பை டீயில். கோப்பையின் விளிம்பு அமுங்கி டீ கையில் சிந்தியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எப்பிடி?"

"நீங்க கலந்ததா."

"அடுக்கள என்னதுலா."

"கலந்தது நானுங்க்கா."

"தெரியாமலா சொன்னேன்?" டீயை ஊதினார். "நீ ரொம்பப் பெருசா நெனைக்காத, ஏட்டி. ஒன்னக் காப்பாத்தன்னு சொல்லல. இன்னொருத்தி கலந்தான்னு சொன்னா, நீ ருசி பாக்கலையான்னு அடுத்த கேள்வி வரும்லா. உபவாசம்னு சொல்லவா? கர்த்தருக்கு நோம்பு இருந்தேன், அதனால ஒரு கெழவரு வாந்தி எடுக்காருன்னு சொல்லவா? என் வாயில அது வரல. நான் கலந்தேன்னு சொல்றது எளுப்பமா இருந்துது."

"நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாத்துத் துப்பினா நோன்பு போயிருமா?" என்றார் படிக்கட்டிலிருந்து வந்த ஜோசப்ராஜ் அண்ணன். குத்தலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"இப்ப கேளுங்க," என்றார் அக்கா. "இருபத்தஞ்சு வருசம் கேக்காதத."

அண்ணன் அவர் கையில் சிந்தியிருந்த டீயைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். "நாளைக்கு அடுப்புப் பத்த வைக்க வேண்டாம். எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லுதேன்."

"என்னன்னு?"

"உள்ளதத்தான்."

ஐந்தே முக்காலுக்கு நர்ஸ் வந்து, ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார். அக்கா என்னைத் தள்ளினார். சார் கண்ணை மூடியிருந்தார். கையில் ஊசி குத்திய இடம் நீலம் பூத்திருந்தது. அழுத்தம் நூற்று இரண்டு என்று இயந்திரம் காட்டியது. கட்டிலுக்கு அடியில் தொங்கிய பையில் சிறுநீர் கொஞ்சம்தான் இருந்தது. வந்திருக்கிறது, ஆனால் போதாது என்றார் நர்ஸ்.

"யாரது?"

"வைஷு, சார். பெட்டி அக்கா வீட்டுல இருக்கறனுங்க."

"கேரியர் அலம்பி வெச்சிருந்தேனே. எடுத்துண்டேளா?"

"எடுத்துக்கறோங்க சார்."

"வெயில் ஜாஸ்தி. என்னமோ தள்ளிடுத்து." உதட்டை நனைத்துக்கொண்டார். "ஆனா இன்னிக்குச் சாதம் அமிர்தம். துளிக்கூடப் புளிப்பில்லே. அப்படியே பாலாட்டம். யார் கலந்தா, பெட்டியா?"

"நானுங்க சார்."

"அப்படியா." சிரிக்கப் பார்த்தார். "இனிமே நீயே கலந்துடு. இதே மாதிரி."

நான் நின்றேன். தயிர் விடவில்லை என்று சொல்லக் குனிந்தேன். இயந்திரம் நூறு, தொண்ணூற்றெட்டு என்று மாறியது. அதைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று எழுத ஆசைப்படுகிறேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து அக்காவிடம், பேசினார் என்று மட்டும் சொன்னேன். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். இப்போது அவர் அண்ணனின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சலீம் சாரின் வீட்டுத் தரையைக் கழுவிவிட எதிர்வீட்டு அம்மாளிடம் சாவி வாங்கப் போயிருக்கிறார். ரத்தப் பரிசோதனை முடிவு காலை எட்டு மணிக்கு வரும். அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். வெளியே வெயில் இன்னும் சுவரில் இருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: மீனு முதல் விமானத்தில் வருகிறார், எட்டரைக்குள் இங்கே இருப்பார். நான் எட்டு மணிக்கு வந்து லிஃப்ட் வாசலில் நிற்க வேண்டும். பெட்டி அக்கா எழுந்து வருவதற்கு முன்னால், பாலில் உறை விடாமல் டப்பா அடைத்தது நான் என்று சொல்ல வேண்டும். மீனு கேட்டால், உங்கள் அப்பாவிடமும் நானே சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும்.